மாமா கட்டிய விமானத்தில் அந்த எரிபொருளை ஊற்றாதீர்கள்

கேள்வி: என் தாய்மாமா 1980-களில் கட்டிய ரிமோட் விமானம் ஒன்று பரணில் கிடைத்தது. ‘க்விக் ஃப்ளை 3’ என்று இறக்கையில் எழுதியிருக்கிறார். இறக்கை 60 அங்குலம், எடை 3.1 கிலோ. மூக்கில் ஓ.எஸ். மேக்ஸ் 60 இன்ஜின், சுற்ற மறுக்கிறது. ரிமோட் 72 மெகாஹெர்ட்ஸ். ஒருவர் 45,000 ரூபாய்க்குப் புதிதுபோல் ஆக்கி, 5 லிட்டர் எரிபொருளும் தருவதாகச் சொல்கிறார். வேண்டாமென்றால் இன்ஜினை மட்டும் 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறாராம். கொடுக்கலாமா? மறுபடி பறக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டுக்கும் கொடுக்க வேண்டாம். விமானம் பறக்கும், ஆனால் அந்த இன்ஜினிலும் அந்த ரிமோட்டிலும் அல்ல. உங்கள் கையில் இருப்பது சாதாரணப் பொம்மை இல்லை. 1967-இல் கார்சிகாவில் ரிமோட் விமானங்களுக்கு நடந்த உலக சாகசப் போட்டியில் அமெரிக்கரான ஃபில் கிராஃப்ட் வென்றது இந்த வடிவத்தில்தான். அதன் வரைபடத்தைப் பார்த்துப் பால்சா என்ற மிக லேசான மரத்தில் ஒருவர் முழுதாகக் கட்டி முடித்திருக்கிறார் என்றால், அதற்கு உரிய மரியாதையோடு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் அந்த ‘புதிதுபோல்’ என்ற வார்த்தை. இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய மோசடி இதுதான். மரத்தின் மேல் தோலாக ஒட்டிய பழைய ஃபிலிமை உரித்து, பளபளப்பான புது ஃபிலிமை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டித் தந்துவிடுவார்கள். உள்ளே மரம் என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. புது ஃபிலிம் ஏறிவிட்டால் நீங்களும் பார்க்க முடியாது. ஆகவே யாரிடமும் கொடுப்பதற்கு முன் நீங்களே சோதியுங்கள்.

இன்ஜின் பொருந்தியிருக்கும் பிளைவுட் சுவரை விரல் நகத்தால் அழுத்துங்கள். இந்த இன்ஜின்களின் எரிபொருளில் உயவுக்காகக் கலந்திருப்பது நாமறிந்த விளக்கெண்ணெய்தான். பல வருடம் அது மரத்துக்குள் ஊறினால் பால்சா நனைந்த ரொட்டி மாதிரி ஆகிவிடும், எந்தப் பசையும் பிடிக்காது. லேசான கறை என்றால் டால்கம் பவுடரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் துடைத்தெடுங்கள். எண்ணெய் வருவது நிற்கும்வரை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். நகம் உள்ளே இறங்கினால் அந்தச் சுவரை வெட்டியெடுத்து 6 மில்லிமீட்டர் பிளைவுட் வையுங்கள். ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட், ஒருநாள் முழுக்க அசையாமல். ஐந்து நிமிட ரகம் இந்த இடத்துக்கு ஆகாது.

இறக்கையை ஒரு ரூபாய் நாணயத்தால் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். உள்ளே ஃபோம் வைத்து மேலே மெல்லிய பலகை ஒட்டியிருந்தால், பரணின் வெயில் காலச் சூட்டில் பசை விட்டிருக்கும். அந்த இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும். அங்கே தின்னர் படக் கூடாது, ஃபோம் கரைந்துவிடும். நடு இணைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘கிறீச்’ என்ற சத்தம் வரக் கூடாது. எலிப்பல், கரையான் தடம் எல்லாம் பாருங்கள். கீல்கள், தள்ளுகம்பி முனைகள் என்று நைலானில் உள்ள அனைத்தையும் மாற்றுங்கள். இத்தனை வருடப் பழைய நைலான் கையிலேயே ஒடியும்.

ரிமோட் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் அதன் கறுப்பு வயருக்குள் தாமிரம் அரித்துக் கறுத்துப்போகும். அந்த அரிப்பு சுவிட்ச் வரை ஊர்ந்து போகும். வெளியே வயர் நன்றாகத்தான் தெரியும். அதனால் பேட்டரி, வயர், சுவிட்ச், சிக்னல் வாங்கும் ரிசீவர், மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார் எதையும் மிச்சம் வைக்காமல் கழற்றிவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆறு சேனல் செட் ஒன்று வாங்குங்கள். சர்வோக்கள் சாதாரண அளவில், 5 அல்லது 6 கிலோ இழுவிசை போதும்.

இனி எரிபொருள். 5 லிட்டர் கேன் என்றதும் கவனியுங்கள்: அதில் முக்கால் பங்குக்கு மேல் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால். தமிழ்நாட்டில் இதை வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். பில் இல்லாமல், லேபிள் இல்லாமல், ‘ராணிப்பேட்டை கம்பெனிச் சரக்கு’ என்று சொல்லித் தண்ணீர் கேனில் ஊற்றித் தருபவரிடம் வாங்கினால் வழக்கு உங்கள் மேல் வரும். வீட்டில் யாராவது தண்ணீர் என்று நினைத்துக் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் இறங்கும். எரிந்தால் பகல் வெயிலில் தீ கண்ணுக்கே தெரியாது. அதோடு, இப்படி விற்பவர்கள் எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிப்பார்கள். இந்த இன்ஜினுக்கு 18 முதல் 20 சதவீதம் எண்ணெய் வேண்டும். அது பாதியானால் பிஸ்டன் இறுகிவிடும். மாதிரி விமானம் கட்டும் நேர்மையான ஏரோமாடலர் முறைப்படி அரை லிட்டர் வாங்க அரசு ஒரு எளிய வழி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் கேன்காரர்கள் பிழைக்கிறார்கள்.

இன்ஜின் சுற்றாததற்குக் காரணமும் விளக்கெண்ணெய்தான், பிசினாக இறுகியிருக்கும். பிளக்கைக் கழற்றி, ஹேர் டிரையரால் நன்றாகச் சூடேற்றி, தையல் மெஷின் எண்ணெய் சில துளி விட்டு, ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் மீண்டும் சூடேற்றிக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். ஸ்பானர் போட்டுத் திருகினால் உள்ளே ஒடியும். இன்ஜினை விற்காதீர்கள், மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

விமானத்துக்கு மின்மோட்டார் போடுங்கள். பேட்டரியோடு 3.3 கிலோ வரும். சாகசத்துக்குக் கிலோவுக்கு 350 வாட் என்று வைத்தால் 1,150 வாட். 6 செல் 5,000 எம்.ஏ.ஹெச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 550 முதல் 600 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று) மோட்டார், 80 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர், 12×8 அல்லது 13×8 விசிறி. 14 அங்குலம் போடச் சொல்வார்கள். முன்சக்கரக் கால் குட்டை, விசிறி தரையைத் தட்டும். ரிசீவருக்குத் தனி பி.இ.சி., அதாவது பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சிறு கருவி, கொடுங்கள். பேட்டரி எடை முக்கால் கிலோ. பழைய எரிபொருள் டாங்க் இருந்த அறையில் அது உட்கார வேண்டும். மேலே மூடி வெட்டும்போது அறையின் இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளைவுட் உள்ளே ஒட்டிவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் மூக்கு முறுக்கிக்கொள்ளும். டைமரை 6 நிமிடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லிப்போவை விடாதீர்கள்.

சட்டம். 2021 ட்ரோன் விதிகளில் உங்கள் விமானமும் ட்ரோன்தான். ஜி.பி.எஸ். இல்லை, கேமரா இல்லை, மரமும் பசையும் மட்டும் என்றாலும் ட்ரோன்தான். 2 கிலோவுக்கு மேல் என்பதால் பதிவோடு பைலட் சான்றிதழும் வேண்டும். பயிற்சிக்குப் போனால் பெரும்பாலும் நான்கு விசிறி ட்ரோனைத்தான் கையில் கொடுக்கிறார்கள். இறக்கை விமானம் வேகம் குறைந்தால் விழும் என்பதை அங்கே யார் சொல்லித்தருவது? பதிவுக் கட்டணம் 100 ரூபாய். அதைச் செய்துதர ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகளை வாசலிலேயே நிறுத்துங்கள்.

இதில் ஒரு விலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். 2 கிலோ வரை, வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு தேவை. 2 கிலோ என்பது பேட்டரி, விசிறி, சக்கரம் எல்லாம் சேர்த்து, புறப்படத் தயாராக நிற்கும் எடை. பேட்டரியைக் கழற்றிவைத்து எடை போட்டுவிட்டு ‘1.9 தான்’ என்பது செல்லாது. மாமாவின் விமானத்தை எவ்வளவு இழைத்தாலும் அந்த எடைக்கு வராது, இறக்கைதான் பலவீனமாகும். ஆனால் அதே வரைபடத்தை 80 சதவீதமாகச் சுருக்கிக் கட்டினால் இறக்கை 48 அங்குலம் ஆகும். எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறையும் என்பதால் 3.1 கிலோ ஏறக்குறைய 1.6 ஆகும். பலகைத் தடிமனை அதே விகிதத்தில் குறைக்க முடியாது, ஆகவே 1.8 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். 600 முதல் 650 வாட், 4 செல் பேட்டரி. 85 சதவீதத்தில் கட்டினால் தராசு 2-ஐத் தொட்டுவிடும். சான்றிதழ் வரும்வரை இந்தச் சிறியதில் கை பழகுங்கள்.

இடத்தைத் தேர்வு செய்யும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தைப் பாருங்கள். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம், வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையம் இரண்டின் சுற்றுவட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர்தான் உச்சம். சாகச வளையங்களை 70 மீட்டருக்குள் முடியுங்கள். பாலாற்று மணல் வேண்டாம். இரண்டரை அங்குலச் சக்கரம் புதைந்து முன்கால் ஒடியும். கோடையில் இறுகிக் காய்ந்த ஏரித் தரை, 100 மீட்டர் நீளம், உள்ளூரில் கேட்டு அனுமதியோடு.

புறப்படும் முன், வரைபடத்தில் குறித்த எடைமையப் புள்ளியில் இரு விரலால் தாங்கும்போது மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தியே இதைச் சரிசெய்யுங்கள். முதல் பறப்பில் ஐலரான் (இறக்கை மடல்) இருபுறமும் 10 மில்லிமீட்டர் அசைந்தால் போதும், எலிவேட்டர் (வால் மடல்) 12. சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள். வீட்டில் இதையெல்லாம் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுங்கள்.