ஏழு என்ற ஒரே எண்ணுக்குள் எத்தனை நோய்கள்? – மருத்துவக் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. அவருடைய புராஸ்டேட் பயாப்சி அறிக்கையில் க்ளீசன் மதிப்பெண் 3+4=7 என்று ஓர் ஆய்வகம் எழுதியது. அதே ஸ்லைடுகளைப் பார்த்த வேறோர் ஆய்வகம் 4+3=7 என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஏழுதானே என்கிறார்கள் உறவினர்கள். இரண்டும் ஒன்றல்ல என்கிறார் மருத்துவர். யார் சொல்வதை ஏற்பது? – ஒரு வாசகி

பதில்: மருத்துவர் சொல்வதுதான் சரி. புராஸ்டேட் புற்றுநோயின் கடுமையை மதிப்பிட அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர் டொனால்டு க்ளீசன் 1966-இல் வெளியிட்ட இந்த முறை, புற்றுச்செல் தனியாக எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதில்லை. செல்கள் கூடிச் சுரப்பி வடிவத்தை எவ்வளவு தூரம் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்றே பார்க்கிறது. சுரப்பிகள் தனித்தனியே பிரித்தறியும்படி இருந்தால் அது மூன்றாம் வடிவம். ஒன்றோடொன்று ஒட்டியோ, சல்லடைபோல் துளைகளுடனோ, அரைகுறையாகவோ உருவாகியிருந்தால் நான்காம் வடிவம். சுரப்பியே அமையாமல் செல்கள் திரண்டோ சிதறியோ கிடந்தால் ஐந்தாம் வடிவம். மிகுதியாக உள்ள வடிவத்தின் எண் முதலில் எழுதப்படும். ஆகவே 3+4 என்றால் நான்காம் வடிவம் பாதிக்கும் குறைவு, 4+3 என்றால் பாதிக்கும் மேல். இவ்விரண்டின் விளைவுகளும் கணிசமாக வேறுபட்டதால், 2014-இல் பன்னாட்டுச் சிறுநீரக நோய்க்குறியியல் சங்கத்தின் கலந்தாய்வு ஏற்றுக்கொண்ட ஐந்து தரக் குழுக்களில் முன்னது இரண்டாம் குழுவிலும் பின்னது மூன்றாம் குழுவிலும் வைக்கப்பட்டன.

ஆய்வகங்கள் மாறுபட்டதில் வியப்பில்லை. நான்காம் வடிவத்தின் பங்கைப் பெரும்பாலும் கண்ணால்தான் மதிப்பிடுகிறார்கள். ஒருவருக்கு 45 சதவீதமாகத் தோன்றுவது மற்றவருக்கு 55 சதவீதமாகத் தோன்றலாம். மூன்றாம் வடிவச் சுரப்பி சாய்வாக வெட்டுப்பட்டால் அரைகுறைச் சுரப்பிபோல் தெரிவதும் உண்டு. எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு திசுவைப் பற்றி இருவர் நேர்மையாகவே வேறு வேறு முடிவுக்கு வருவதை நான் குறையாகக் கருதுவதில்லை. அந்த மாறுபாட்டைச் சொல்லாமல் விட்டால்தான் குறை. சிறுநீரகவியல் திசுக்களையே தொடர்ந்து பார்க்கும் ஒரு வல்லுநரிடம் ஸ்லைடுகளைக் காட்டி, நான்காம் வடிவம் எத்தனை சதவீதம், சல்லடை வடிவம் இருக்கிறதா என்ற இரண்டையும் எழுதித் தரும்படி கேளுங்கள். சல்லடை வடிவம் இருப்பது, அதே மதிப்பெண்ணுக்குள்ளும் நோய் சற்றுக் கடுமையாக நடந்துகொள்ளக்கூடும் என்பதற்கான அறிகுறி.

கேள்வி: திசுவின் படத்தைக் கணினி ஆராய்ந்து, நோய் பரவுமா பரவாதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று படித்தேன். மனிதர் கண்ணுக்குத் தெரியாதது கணினிக்கு எப்படித் தெரிகிறது? அதை நம்பிச் சிகிச்சையை முடிவு செய்யலாமா? – ஒரு வாசகர்

பதில்: சில மைக்ரான் தடிமனுக்குச் சீவிய திசுவில், செல்லின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரியும்படி ஹெமட்டாக்சிலின், ஈயோசின் என்னும் சாயங்களை ஏற்றுவார்கள். அந்த ஸ்லைடு முழுவதையும் ஸ்கேனர் கொண்டு படமெடுத்தால் ஒரு படத்தில் நூறு கோடிப் புள்ளிகளுக்கு மேல்கூட இருக்கும். கணினி அதைச் சிறு சதுரங்களாகப் பிரித்துப் படிக்கிறது. அதற்குக் கற்றுக்கொடுக்கும் வழிகள் இரண்டு. அவற்றின் வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

முதல் வழியில், வல்லுநர் இட்ட க்ளீசன் மதிப்பெண்ணே கணினிக்குப் பாடம். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் 2020-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயாப்சிப் படங்களைக் கொண்டு கணினி நிரல்களுக்கு நடத்திய பாண்டா போட்டி இவ்வகையைச் சேர்ந்தது. இதில் கணினி எவ்வளவு தேர்ந்தாலும் அது ஒரு நல்ல நோய்க்குறியியல் வல்லுநரைப் போலப் பார்க்கிறது என்றே பொருள். மதிப்பெண்ணின் தடுமாற்றத்தைக் குறைக்கும், மதிப்பெண் சொல்லாத ஒன்றைச் சொல்லாது.

இரண்டாம் வழியில் மதிப்பெண் பாடமாக வைக்கப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் சேமித்து வைத்த ஸ்லைடுகளையும், அவர்களில் யாருக்கு நோய் பரவியது, யார் நலமாக இருந்தார்கள் என்ற பதிவையும் ஒன்றாகக் கொடுத்து, தொடர்பைக் கணினியே தேடிக்கொள்ளும்படி விடுகிறார்கள். வட அமெரிக்காவின் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் குழு நடத்திய ஐந்து மூன்றாம் கட்டப் பரிசோதனைகளின் ஸ்லைடுகளை, வயது, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) இரத்தத்தில் உள்ள அளவு, நோயின் கட்டம் ஆகியவற்றோடு சேர்த்துப் படித்த ஒரு முறையைப் பற்றிய ஆய்வு 2022-இல் வெளியானது. கண்ணுக்குத் தெரியாத எதையோ கணினி பார்க்கிறது என்பதைவிட, கண் பார்த்தும் எண்ணாமல் விட்டதை அது அலுக்காமல் எண்ணுகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் எதை எண்ணியது என்று கேட்டால், பல சமயம் அதை உருவாக்கியவர்களாலேயே விளக்க முடிவதில்லை.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் குறிப்பான் வேறு. இந்தச் சிகிச்சை இவருக்குப் பயன்படுமா என்று சொல்லும் குறிப்பான் வேறு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதுதான் இத்துறையில் அதிகம் நடக்கும் பிழை. ஆபத்து அதிகம் என்று தெரிந்தாலும், கூடுதல் மருந்து அந்த ஆபத்தைக் குறைக்கும் என்று அதிலிருந்து தானாகத் தெரிந்துவிடாது. அதைக் காட்ட, மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஒரு பரிசோதனை வேண்டும். கதிர்வீச்சோடு நான்கு மாத ஹார்மோன் சிகிச்சையைச் சேர்ப்பதால் பலனுண்டா என்று ஆராய்ந்த அத்தகைய ஒரு பரிசோதனையின் ஸ்லைடுகளில் மேற்சொன்ன வகை முறை சோதிக்கப்பட்டு, முடிவு 2023-இல் வெளியானது: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் கணினி தனியே பிரித்துக் காட்டியது, ஹார்மோன் சிகிச்சை நோய் பரவுவதைத் தெளிவாகக் குறைத்தது அவர்களிடத்தில்தான். மற்றவர்களிடம் அப்பலன் ஏறக்குறைய காணப்படவில்லை. அச்சிகிச்சை தரும் சோர்வையும் எலும்புத் தேய்வையும் அறிந்தவர்களுக்கு, வேண்டாதவர்களை அதிலிருந்து விலக்குவது சிறிய விஷயமல்ல.

உங்கள் அறிக்கையில் துல்லியம் 0.75 என்பதுபோல் ஓர் எண் இருந்தால், நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்குச் சரியாகச் சொன்னதாக அதை வாசிக்க வேண்டாம். இரு நோயாளிகளை ஒப்பிடும்போது, யாருக்கு முதலில் நோய் திரும்பும் என்ற வரிசையை நான்கில் மூன்று தடவை சரியாகச் சொல்கிறது என்பதே அதன் பொருள். நாணயத்தைச் சுண்டினாலே 0.5 கிடைத்துவிடும். வரிசை சரியாக இருக்கும்போதே, அறிக்கை சொல்லும் சதவீதம் தவறாக இருக்கவும் கூடும். வேறொரு ஸ்கேனர், அடர்த்தி மாறிய சாயம், வேறொரு மக்கள்தொகை என்று எது மாறினாலும் முறையை மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் அறிக்கையில் “பி-டென் இழப்பு, கி-67 உயர்வு” என்று இருக்கிறது. அஞ்ச வேண்டுமா? – ஒரு வாசகர்

பதில்: பி-டென் என்பது செல் பெருக்கத்துக்குத் தடைபோடும் மரபணு, அதன் புரதம் திசுவில் காணாமற்போனால் நோய் முன்னேறும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கி-67 பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் உட்கருவில் மட்டும் தென்படும் புரதம். ஜெர்மனியின் கீல் நகர ஆய்வகத்தில், அதைக் கண்டறியும் எதிர்ப்பொருள் தட்டின் 67-ஆம் குழியில் கிடைத்ததால் அதற்கு அப்பெயர். புராஸ்டேட் நோயில் கி-67 எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே அளவுகோல் இல்லை. நுண்ணோக்கியில் பத்து இடங்களை மட்டும் கண்ணால் எண்ணியவருக்கும் திசு முழுவதையும் கணினியால் எண்ணியவருக்கும் வேறு வேறு எண்களே வரும். எனவே இவ்விரண்டையும் க்ளீசன் தரக் குழு, பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு க்ளீசன் 3+3=6. சிகிச்சையை உடனே தொடங்காமல் தீவிரக் கண்காணிப்பில் இருக்கிறேன். நானும் கணினிப் பரிசோதனை, பி-டென், கி-67 போன்றவற்றைச் செய்துகொள்ள வேண்டுமா? – ஒரு வாசகர்

பதில்: பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கொண்டு நடந்த ப்ரொடெக்ட் பரிசோதனையில், கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றில் எதற்கு ஒதுக்கப்பட்டாலும், 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதத்தினரே. நோய் பரவியவர்களின் பங்கு மட்டும் கண்காணிப்புக் குழுவில் சுமார் 9 சதவீதமாகவும் மற்ற இரண்டில் சுமார் 5 சதவீதமாகவும் இருந்தது. அந்த ஒன்பதில் நீங்கள் இருக்கக்கூடும் என்று உங்கள் மருத்துவர் ஐயப்படுவதற்குப் பி.எஸ்.ஏ. வேகமாக உயர்வது போன்ற காரணம் இருந்தால் பரிசோதனைக்குப் பொருளுண்டு. முடிவு எப்படி வந்தாலும் இதே கண்காணிப்பைத்தான் தொடரப்போகிறீர்கள் என்றால், இப்போது அது வேண்டியதில்லை. அடுத்த பயாப்சியின் தேதியைத் தள்ளிப்போடாமல் இருங்கள்.