ஆட்டுத் தலையிலிருந்து ஆய்வக அலமாரி வரை: எலும்பு சுத்தம் செய்வது பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கொடைக்கானல் வாசம். பள்ளிகளுக்கு மண்டையோடு தயார் செய்து கொடுப்பதுதான் பொழுதுபோக்கு. பழனி மலைப் பக்கத்திலிருந்து வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பண்ணைக்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை: எட்டாம் வகுப்புக்குக் காட்ட ஓர் ஆட்டு மண்டையோடு வேண்டும் சார். எங்கே ஆரம்பிப்பது?

கறிக்கடையில்தான், டீச்சர். "வாட்ட வேண்டாம், பிளக்க வேண்டாம், தலை முழுசாக வேண்டும்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் பழக்க தோஷத்தில் தீயில் வாட்டி, நடு மண்டையில் ஒரு போடு போட்டுத் தந்துவிடுவார். அது குழம்புக்குத்தான் ஆகும்.

தோல், நாக்கு, கண், கன்னத்துச் சதை எல்லாவற்றையும் கத்தியால் எடுத்துவிடுங்கள். மண்டையின் பின்பக்கம், கழுத்து சேருகிற இடத்தில் ஒரு பெரிய துளை இருக்கும். அதற்குள் வளைத்த கம்பியை விட்டு மூளையைக் கலக்கி, தண்ணீரைப் பீய்ச்சினால் வந்துவிடும். அப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் மூழ்க வைத்து, வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். மீதியைப் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் வேலை செய்கிற பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும்.

கொட்டும்போது வடிகட்டி அவசியம். என் முதல் தலையின் தண்ணீரை யோசிக்காமல் சாக்கடையில் கவிழ்த்தேன். கீழ்த்தாடை முன்பற்கள் எட்டும் அதோடு போயின. ஒவ்வொன்றும் வெள்ளரி விதை போலத்தான் இருக்கும், ஈறு அழுகியதும் தானாகக் கழன்றுவிடும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறு மட்டும்தான். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதே அந்த வித்தியாசம். கீழ்ப்பல்லும் இல்லை என்றால் எதைக் காட்டுவது?

பூம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆறு வாரமாக ஊறுகிறது. சதை அப்படியே இருக்கிறதே?

குளிர், தம்பி. இந்தப் பாக்டீரியாவுக்கு 30 முதல் 35 டிகிரி வரை சூடு இருந்தால்தான் சுறுசுறுப்பு. மார்கழியில் நம்மூர் வாளித் தண்ணீரில் விரலை விட்டுப் பாருங்கள், தெரியும். மீன் தொட்டிக்குப் போடுகிற தானியங்கி ஹீட்டரை வாங்கி 32 டிகிரியில் வையுங்கள். மாதக்கணக்கில் இழுப்பது இரண்டு மூன்று வாரத்தில் முடியும். ஹீட்டர் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மலைக்குக் கீழே, வெயில் அடிக்கிற வத்தலக்குண்டில் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால் ஹீட்டரே வேண்டாம், ஆனால் அந்த நாற்றத்துக்குப் பிறகு சொந்தம் நிலைக்குமா என்பது உங்கள் பாடு.

பெருமாள்மலையிலிருந்து: குக்கரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியாதா?

முடியும், மண்டையோடும் சேர்ந்து முடியும். கொதியில் கொழுப்பு எலும்புக்குள் இறங்கும், பல் விரிசல் விடும், மூக்குக்குள் காகிதச் சுருள் போல இருக்கும் மெல்லிய எலும்புகள் உதிர்ந்துவிடும். "நம் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே, பரவாயில்லைதானே" என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். 93-உம் அதிகம்தான்.

வெள்ளையாக்க பிளீச்சிங் பவுடர் போடலாமா?

வேண்டவே வேண்டாம். குளோரின் எலும்பின் புரதத்தைத் தின்றுவிடும். அன்றைக்குப் பளிச்சென்று இருப்பது நாளாக நாளாகச் சாக்பீஸ் மாதிரி உதிரும். மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். 6 சதவீதம் என்று போட்டிருந்தால் சம அளவு தண்ணீர் சேருங்கள். கையுறை போட்டு, பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஓரிரு நாள் ஊற வைத்தால் போதும். வாயு கிளம்பும், அதனால் மூடியை இறுக்காதீர்கள். கொம்பு உறையை அதில் போடக்கூடாது. தண்ணீரில் ஊறும்போதே உறை தளர்ந்து கழன்று வரும், அதைத் தனியே காய வையுங்கள்.

வெளுத்த பிறகும் மஞ்சள் திட்டு, தொட்டால் பிசுபிசுப்பு. ஏன்?

எலும்புக்குள் இருக்கும் எண்ணெய் இன்னும் வெளியே வரவில்லை. பெராக்சைடால் அது போகாது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். ஆட்டுக்குச் சில வாரம் ஆகும். பன்றிக்கு மாதக்கணக்கு.

தாண்டிக்குடி காபித் தோட்டக்காரர்: வேலி ஓரம் காட்டுமாட்டு மண்டையோடு கிடக்கிறது. பள்ளிக்குக் கொடுக்கலாமா?

தொடாதீர்கள் ஐயா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து. தானாகச் செத்ததாக இருந்தாலும், உங்கள் நிலத்திலேயே கிடந்தாலும் அப்படித்தான். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். கல்விக்குத் தேவை என்றால் நிறுவனம் முறைப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி கேட்கலாம். இன்னொன்று: காட்டுமாடோ வீட்டு மாடோ, திடீரென்று செத்து மூக்கு, ஆசனவாய் வழியே ரத்தம் கசிந்திருந்தால் கிட்டவே போகாதீர்கள். அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் வித்து மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும்.

அருங்காட்சியகங்களில் வண்டு விட்டுச் சுத்தம் செய்வார்களாமே?

ஆமாம், டெர்மெஸ்டிட் வண்டு. கருவாட்டு மூட்டையில் ரோமம் முளைத்த பழுப்புப் புழு பார்த்திருப்பீர்களே, அந்த வகைதான். சின்ன மண்டையோடுகளுக்கு அதைப் போல நேர்த்தியாக வேலை செய்ய யாராலும் முடியாது. ஆனால் நம் குளிரில் சோம்பிவிடும். தப்பித்தால் பதப்படுத்திய தோல், பூச்சித் தொகுப்பு எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். நான் வளர்ப்பதில்லை.

புதைத்து வைத்தால்?

நம் மலை மண் புளிப்பு. எலும்பை அரிக்கும், கறையும் ஏறும். மண் அரிப்பதற்கு முன்னால் தெருநாய் தோண்டிவிடும் என்பது வேறு விஷயம்.

மன்னவனூரிலிருந்து: வளர்ப்பு முயலின் மண்டையோடு தயார். வேறென்ன செய்ய வேண்டும்?

மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு குட்டிப் பற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முயல் எலி இனம் இல்லை என்று காட்ட அவைதான் சாட்சி. கழன்றிருந்தால் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள், ஐப்பசி மழையில் ஈரத்தோடு மூடினால் பூசணம் பூக்கும். பிறகு என்ன விலங்கு, ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தத் தேதி என்று அட்டையில் எழுதி, ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணை இந்தியன் இங்க்கில் எலும்பிலேயே எழுத வேண்டும். கீழ்த்தாடையின் இரண்டு பாதியிலும் தனித்தனியாக எழுதுங்கள். எந்த வகுப்பறையிலும் முதலில் காணாமல் போவது தாடைதான்.