செவ்வாயின் ஏரி மண் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள் ஜியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். செவ்வாய்க் கிரகத்துக் கற்களை ஆராயப் போகிறாளாம். கியூரியாசிட்டி ஊர்தி 2012 முதல் அங்கே கல்லைத் துளைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு புழு பூச்சிகூடக் கிடைத்தபாடில்லை. தோற்றுப்போன ஆராய்ச்சியை நம்பிப் பெண் பிள்ளையை அனுப்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலை கிடைக்குமா என்பதைக் கல்லூரியில் கேளுங்கள். பெண் பிள்ளை என்ற கவலையை நான் பொருட்படுத்தப் போவதில்லை. ஆனால் ‘தோற்றுப்போன ஆராய்ச்சி’ என்று எழுதினீர்களே, அதை என்னால் கடந்துபோக முடியவில்லை; சில வாரங்களாக என் மனம் அந்தக் கற்களிலேயே கிடக்கிறது.

கியூரியாசிட்டி புழுவைத் தேடிப் போகவில்லை. அதற்கான கருவியும் அதில் இல்லை. நுண்ணுயிர் ஒன்று அங்கே இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பதே அதன் கேள்வி. இறங்கிய ஏழே மாதங்களில் அதற்கு விடையும் கிடைத்துவிட்டது. 2013 பிப்ரவரியில், கேல் பள்ளத்தில் ‘ஜான் க்ளைன்’ என்று பெயரிட்ட தட்டைப் பாறையில், 1.6 செ.மீ. அகலமும் 6.4 செ.மீ. ஆழமும் கொண்ட ஒரு துளையை அது போட்டது. மேலே செம்மண் நிறம். துளையைச் சுற்றிக் குவிந்த பொடியோ வெளிர்சாம்பல். செவ்வாயின் சிவப்பு வெறும் மேல்தோல் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்தப் படத்தை என் அம்மாவிடம் காட்டினேன். கோடையில் வற்றிய ஏரியிலிருந்து வயலுக்கு வண்டல் சுமந்தவர் அவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது ஏரி மண்ணுப்பா” என்றார். கருவிகளும் அதையேதான் சொல்லின: ஏரியடியில் படிந்த சேறு இறுகிக் கல்லானது அது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். 2004இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி வேறோர் இடத்தில் கண்ட பாறைகள் அமிலம் மிகுந்த நீரைக் காட்டின. இங்கே இருந்ததோ அமிலமும் உப்பும் மிகாத நீர். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் என உயிருக்கு வேண்டிய தனிமங்களும், கல்லையே உணவாக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற கனிமங்களும் அந்த ஒரு சிட்டிகைப் பொடியில் இருந்தன. இதுவா தோல்வி?

வாழத் தகுந்த இடம் என்பது வேறு, வாழ்ந்த இடம் என்பது வேறு. அடுப்பும் தண்ணீரும் அரிசியும் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தவரிடம், குடியிருந்தவர் எங்கே என்று கேட்டு, காட்ட முடியாததால் வீடே பொய் என்கிறீர்கள். 1996இல் ஒரு செவ்வாய் விண்கல்லில் உயிரின் தடம் இருப்பதாக நாசா ஆய்வாளர்கள் ஆரவாரத்தோடு அறிவித்தார்கள்; பின்னர் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த அவசரத்துக்கு என்ன விலை என்பதை அவர்கள் அறிவார்கள். அதனால்தான் 2024இல் ஜெசெரோ பள்ளத்தில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி நுண்ணுயிர்களின் தடமாக இருக்கக்கூடிய, சிறுத்தைத் தோல் போன்ற புள்ளிகள் கொண்ட கல்லைக் கண்டபோதும், உயிரில்லாத வேதிவினையாலும் அவை உண்டாகியிருக்கலாம் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். அந்தப் பொறுமையைப் பழிக்காதீர்கள்.

ஜான் க்ளைன் துளையின் படத்தை உங்கள் மகளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்திலேயே ஆழம் குறைந்த ஒரு சோதனைத் துளையும் தெரியும். அதை ஏன் முதலில் போட்டார்கள் என்று அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உடன் இருங்கள்.