நடனக் கேள்வி-பதில்: சலங்கைக்கு முன் தரையைப் பாருங்கள்

இம்முறை ஓசூரிலிருந்துதான் கடிதங்கள் அதிகம். பாதிப் பேர் ஆடப்போகிறவரின் வயதைக்கூட எழுதவில்லை. வயது, ஏற்கெனவே கற்றது, மூட்டில் வலி உண்டா என்ற மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன்!

மகளுக்கு 4 வயது. பரதத்தில் சேர்க்கலாமா? (பாலக்கோடு)

வேண்டாம். 6, 7 வயது ஆகட்டும். அதுவரை பாட்டுப் போட்டுத் தாளத்துக்குக் கைதட்டச் சொல்லுங்கள், ஓடி ஆடட்டும்.

ஸ்டுடியோ பலகையில் ஹிப்ஹாப், பிரேக்கிங், கன்டெம்பரரி, ஃப்ரீஸ்டைல் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே? (ஓசூர்)

இல்லை. ஹிப்ஹாப் 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. அதன் மூத்த பிள்ளை பிரேக்கிங். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாகவே நடந்தது. கை ஊன்றித் தலைகீழாகச் சுழல்வதால் மணிக்கட்டைப் பழக்காமல் இறங்கக் கூடாது. கன்டெம்பரரி வேறு வழி. விழுவது, உருள்வது, மூச்சோடு அசைவது என்று தரையோடு உறவு அதிகம். ஃப்ரீஸ்டைல் என்றால் அந்த நேரத்தில் தோன்றியதை ஆடுவது. நம் பக்கம் சினிமாப் பாட்டுக்கு மனப்பாடம் செய்த ஸ்டெப்புக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். எதில் சேர்ந்தாலும் முதலில் தரையைப் பாருங்கள். சிமென்ட்டின் மேல் நேராக டைல்ஸ் ஒட்டிய தரையில் தினமும் குதித்தால் கணுக்காலும் முழங்காலும்தான் அடி வாங்கும்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். குச்சிப்புடியா, பரதமா? (ஓசூர்)

மொழியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பரதத்திலும் வர்ணம் என்ற நீண்ட உருப்படிகள் தெலுங்கில் நிறைய உண்டு. குச்சிப்புடி ஆந்திரத்தில் ஒரு கிராமத்தின் பெயர், நாடகமாக ஆடி வளர்ந்த கலை. துள்ளல் அதிகம். பித்தளைத் தட்டின் விளிம்பில் நின்று ஆடும் தரங்கம் அதன் அடையாளம். உங்களுக்குப் பக்கத்தில் எதற்கு நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ, அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மகள் பரதம் கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம். தை மாதம் அரங்கேற்றம், 3 லட்சம் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

வைக்காதீர்கள் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒரு மார்க்கத்தை, அதாவது மேடையில் ஆடும் உருப்படிகளின் வரிசையை, 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் ஒரு காரணம் இருக்கிறது. அலாரிப்பில் உடம்பு திறக்கிறது, ஜதிஸ்வரத்தில் கால் தாளத்தோடு சேர்கிறது, சப்தத்தில் முகம் வருகிறது. அப்புறம்தான் வர்ணம். அது ஒன்றே அரை மணிக்கு மேல் போகும்; முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த அரைமண்டி நிலை குலையாமல் தீர்மானம் என்ற வேகமான கால் வேலையும் ஆட வேண்டும், உடனே முகத்தாலும் கையாலும் பொருள் சொல்லும் அபிநயத்துக்கும் திரும்ப வேண்டும். எல்லாம் சேர்த்து 2 மணி நேரம் ஒரு பிள்ளை தனியாக மேடையைத் தாங்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் அடவுகள் என்ற அடிப்படை அசைவுகளே முடிந்திருக்காது. என் கணக்கில் குறைந்தது 6, 7 வருடம்.

அவசர அரங்கேற்றம் முடித்துவிட்டு என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. ஒருத்திக்கு அப்போது 10 வயது. ஆல்பம் இருந்தது, கேடயம் இருந்தது. முதல் அடவான தட்டடவைத் தட்டச் சொன்னேன், இரண்டாம் கால வேகத்திலேயே அரைமண்டி குலைந்து இடுப்பு எழும்பிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். “அரங்கேற்றமே முடிஞ்சிருச்சே மிஸ்” என்று அழுதாள். மறுவாரம் வரவில்லை. அந்தக் குழந்தை மேல் என்ன தப்பு?

ஆசைக்குச் சலங்கை பூஜை செய்யுங்கள். கோயிலில் சலங்கையை வைத்துக் கும்பிட்டு, ஓர் அலாரிப்பு ஆடட்டும், போதும். செலவு சில ஆயிரத்தில் முடியும். ஆசிரியர் மறுத்தால் ஆசிரியரை மாற்றுங்கள். அந்த மேடை, மண்டபத்து கிரானைட்டாக இல்லாமல் பலகையாக இருக்கட்டும்.

சர்க்கரை இருக்கிறது. சும்பா போகலாமா? (தருமபுரி)

எவ்வளவு சர்க்கரை, என்ன மாத்திரை, ஊசி உண்டா, ஒன்றுமே எழுதவில்லை. டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். சும்பா 1990களில் கொலம்பியாவில் தொடங்கிய உடற்பயிற்சி. நடன மேடைக்கான பயிற்சி அல்ல. ஷூ போடாமல் ஆடக் கூடாது, சாப்பிடாமல் போகக் கூடாது, பையில் மிட்டாய் இருக்கட்டும்.

மகன் கூத்தும் பழகுகிறான். அதனால் பரதம் கெட்டுவிடும் என்கிறார் டீச்சர். (பென்னாகரம்)

கெடாது. திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய ஆடுகிறவர்களைப் பாருங்கள். தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் சுமந்து, தானே பாடி, மத்தளத்துக்குச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். மூச்சும் குரலும் தாளமும் ஒன்றாகப் பழகுவது எந்த நடனத்துக்கும் சொத்து. இரண்டுக்கும் நிலை வேறு, கை வேறு. ஒரே நாளில் இரண்டு வகுப்பு வேண்டாம், அவ்வளவுதான். கூத்தாடும் திடல் மண்தரை, முழங்காலுக்கு டைல்ஸை விட நல்லது.

கட்டணம் கட்டி ஸ்டுடியோவில் கற்க வசதியில்லை. மகளுக்கு 13 வயது. (கிருஷ்ணகிரி)

உங்கள் ஊரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பரதமும் உண்டு, 3 ஆண்டுப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. நேரில் போய்க் கேளுங்கள்.

10 நாளில் கல்யாண வரவேற்பு. நானும் அவரும் சல்சா கற்க முடியுமா? (ஊத்தங்கரை)

ஒரு பாட்டுக்கான அடிப்படை நடை வரும். 8 எண்ணிக்கையில் 4இலும் 8இலும் கால் நிற்க வேண்டும். அன்று போடப்போகும் செருப்போடேயே பழகுங்கள். மண்டபத்து டைல்ஸ் வழுக்கும்.