தோட்டம் – கேள்வி பதில்: ஆர்க்கிட் இலைகள் ஏன் துவள்கின்றன?

கேள்வி: புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாக வந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் செடியை வரவேற்பறையில் வைத்து, நாள்தோறும் தவறாமல் தண்ணீர் ஊற்றி வருகிறேன். பூக்கள் உதிர்ந்துவிட்டன, இப்போது இலைகளும் சுருங்கித் துவண்டு கிடக்கின்றன. தண்ணீர் போதவில்லையா? இது மீண்டும் பூக்குமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தண்ணீர் போதாததால் அல்ல, மிகுந்துபோனதால்தான் உங்கள் செடி வாடுகிறது என்று கருதுகிறேன். ஃபெலனாப்சிஸ் காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. மழையில் நனைந்து உடனே காற்றில் உலரும் அதன் வேர்கள், எந்நேரமும் ஈரமாக இருக்கும் தொட்டிக்குள் மூச்சு முட்டி அழுகிவிடுகின்றன. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், இலைகள் தாகத்தில் வாடுவதைப் போலவே வாடும். அதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுவோம்.

செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக எடுத்துப் பாருங்கள். விற்பனைக்கு வரும் செடிகளின் வேரைச் சுற்றிப் பெரும்பாலும் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் பாசி இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். அதை முழுவதும் நீக்கிவிட்டு, பழுப்பாகக் கொழகொழவென்று இருக்கும் வேர்களைத் தீயில் காட்டிய கத்தரிக்கோலால் வெட்டி எறியுங்கள். கெட்டியான வேர்கள் இரண்டு மூன்று மிஞ்சினாலும் செடி பிழைக்க வாய்ப்புண்டு. பக்கங்களிலும் துளையுள்ள தொட்டியில் மரக்கரித் துண்டுகளையும், சில நாள் நீரில் ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டுகளையும் நிரப்பி நடலாம். தோட்டமண் ஒரு பிடிகூட வேண்டாம். பூத்தண்டு எஞ்சியிருந்தால், அது பச்சையாகவே இருந்தாலும் அடியோடு வெட்டிவிடுங்கள். நலிந்த செடிக்கு அது வீண் சுமை.

இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கணக்கு வைக்க வேண்டாம். நலமான வேர், காய்ந்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்திலும் நனைந்தால் பச்சையாகவும் தெரியும். வெளுத்த பிறகு, காலை வேளையில், நீர் அடியில் வழிந்தோடும்வரை ஊற்றுங்கள். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அது அழுகிவிடும். துணியால் ஒற்றி எடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் மழைநீரே நல்லது. இடத்தைப் பொறுத்தவரை, இளங்காலை வெயில் விழும் கிழக்குச் சன்னல் போதும்.

மீண்டும் பூக்க அதற்குச் சில வாரங்களாவது இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். சென்னைப் பகுதியில் மார்கழியும் தையும்தான் அதற்கு உகந்த காலம். இந்த ஆண்டே பூவை எதிர்பார்க்காதீர்கள்; முதலில் வேர் பிடிக்கட்டும். முதன்முறையாக வளர்ப்பவர்கள் சமவெளியில் டென்ட்ரோபியம் என்ற மற்றோர் ஆர்க்கிட் வகையின் கலப்பினங்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அவை நம் வெப்பத்தைத் தாங்கும், இரவுக் குளிருக்காகக் காத்திருப்பதும் இல்லை.

கேள்வி: என் டென்ட்ரோபியத்தில் பழைய தண்டுகள் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கின்றன. வெட்டிவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெட்ட வேண்டாம். அந்தத் தண்டுகளில்தான் செடி நீரையும் உணவையும் சேமித்து வைத்துப் புதுத் தளிருக்குக் கொடுக்கிறது. சில வகைகளில் மொட்டைத் தண்டிலேயே மறுபடியும் பூ வரும். முற்றிலும் காய்ந்து சருகானதை மட்டும் நீக்குங்கள்.