வாசகர் கேள்வி – பதில்: அரை நிமிட இசையமைப்பாளர்

சென்ற இதழில், தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்பிசையைப் பற்றிக் கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது, பிபிசியின் ரோனி ஹேசில்ஹர்ஸ்ட் பெயரைப் போகிற போக்கில் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

ரோனி ஹேசில்ஹர்ஸ்ட் என்பவர் யார்? திரைப்பட இசையமைப்பாளருக்கும், ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் இசைக்குழுத் தலைவருக்கும் வேலையில் அப்படி என்ன வேறுபாடு? – கோயம்புத்தூர் வாசகர்

உங்கள் ஊருக்கு அடைமொழியாக அமைந்துவிட்ட அந்த மான்செஸ்டருக்குப் பக்கத்தில், டக்கின்ஃபீல்டு என்ற சிறிய ஊரில், 1928 மார்ச் 13 அன்று பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுப் பஞ்சாலை ஒன்றில் எழுத்தர் வேலைக்குப் போனார். கார்னெட்டும் டிரம்பெட்டும் வாசிக்கத் தெரிந்திருந்ததால் மாலை வேளைகளில் நடன அரங்குகளின் பேண்டுகளில் இடம் கிடைத்தது. கட்டாய ராணுவப் பணிக் காலத்தையும் படைப்பிரிவு ஒன்றின் பேண்டு வாத்தியக்காரராகவே கழித்தார். பிறகு லண்டனுக்கு வந்து, வாசிப்பு கிடைக்காத நாட்களில் வாட்ஃபோர்டு சந்தைக் கடையொன்றில் வேலை பார்த்து வயிற்றைக் கழுவிய பின், 1961இல் பிபிசியில் இசைக்கோப்பாளராகச் சேர்ந்தார். அங்கேயே வளர்ந்து, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் பிரிவின் இசைத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார்.

வேறுபாடு அந்தப் பதவியிலேயே இருக்கிறது. திரைப்பட இசையமைப்பாளரைத் தேடித் தயாரிப்பாளர் வருவார். இவருக்கோ நகைச்சுவைத் தொடர், வினாடி வினா, பாட்டுப் போட்டி, விருந்தினராக வந்து பாடும் நட்சத்திரம் என்று நிறுவனம் எதை மேசையில் வைத்தாலும் அதற்கு இசை செய்வதே உத்தியோகம். மெட்டுப் போடுவது அதில் ஒரு பகுதி மட்டும்தான். எந்த வாத்தியக்காரரை அழைப்பது, எத்தனை பேருக்குப் பணம் இருக்கிறது, ஒவ்வொருவருக்குமான இசைத்தாள் நேரத்துக்குத் தயாராகிவிட்டதா என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, பதிவு நாளில் முன்னால் நின்று குழுவை நடத்தவும் வேண்டும். தலைப்பு ஓடுவது அரை நிமிடம் என்றால் மெட்டும் அந்த அரை நிமிடத்துக்குள் பிறந்து, வளர்ந்து, முடிந்துவிட வேண்டும். பல்லவி பிடித்திருக்கிறது என்பதற்காக இன்னொரு முறை சுற்றிவர அங்கே இடமில்லை.

தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இவருடைய மெட்டு ஒன்றில் மோர்ஸ் குறியீடு ஒளிந்திருப்பதாக என் பேரன் சொல்கிறான். உண்மையா, கட்டுக்கதையா? – திருச்சிராப்பள்ளி வாசகர்

ஐயா, உண்மைதான். இதைக் காதால் கேட்டே சரிபார்க்கும் தகுதி எங்களில் எவரையும்விட உங்களுக்கு அதிகம்.

1973இல் பிபிசியில் தொடங்கிய ‘சம் மதர்ஸ் டூ அவ் எம்’ என்ற நகைச்சுவைத் தொடருக்கான தலைப்பிசை அது. ‘சில தாய்மாருக்கு இப்படியும் ஒரு பிள்ளை வாய்த்துவிடுகிறது’ என்று அந்தத் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். மைக்கேல் கிராஃபோர்டு நடித்த ஃபிராங்க் ஸ்பென்சர் என்ற அந்தப் பிள்ளை, தொட்டதையெல்லாம் உடைத்துவிட்டு, உடைந்ததைப் பார்த்துத் தானே திகைத்து நிற்பவன். இதற்கு ஹேசில்ஹர்ஸ்ட் தேர்ந்தெடுத்தவை இரண்டு பிக்கலோக்கள், அதாவது புல்லாங்குழல் குடும்பத்திலேயே மிகச் சிறியதும் மிகக் கீச்சென்று ஒலிப்பதுமான குழல்கள். அவை வாசிப்பது தொடரின் தலைப்பையேதான், மோர்ஸ் குறியீட்டில், எழுத்து எழுத்தாக.

முதல் சொல்லான ‘சம்’ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ், ஓ, எம், ஈ. உங்கள் பழைய மேசையில் இவை ‘டிட் டிட் டிட் – டா டா டா – டா டா – டிட்’ என்று விழும். மூன்று குறுக்கல், மூன்று நீட்டல் என்று தொடங்குவதால், கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாயச் செய்தியோ என்று தந்திக்காரர் ஒரு கணம் நிமிர்ந்து உட்காரக்கூடும். மூன்றாவது எழுத்தில்தான் வழி பிரிகிறது. ஃபிராங்க் ஸ்பென்சரின் வருகையை அறிவிக்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது; அந்தப் பொருத்தம் ஆங்கில நெடுங்கணக்கின் தயவால் தானாக அமைந்ததுதான் என்றாலும், அதைக் கண்டு பயன்படுத்திக்கொண்டவர் அவர்.

நம் யாப்பைக் கற்றவர்களுக்கு இது ஒன்றும் புதிய கணக்கு இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் கொள்கிறோம். மோர்ஸில் நீட்டல் குறுக்கலைப்போல் மூன்று மடங்கு. எழுத்தின் அளவிலிருந்து தாளம் பிறக்கிறது என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றே. தலைப்பில் எழுத்து விடுபட்டதைக் காட்டும் மேற்குறிகளை மட்டும் அவர் விட்டுவிட்டார். அந்தக் குறி ஒவ்வொன்றையும் தந்தியில் அனுப்ப ஆறு தட்டு வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மெட்டு அதைத் தாங்காது.

உங்கள் பேரனிடம் இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுங்கள். ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ துப்பறியும் தொடரின் இசையிலும் இதே குறியீடு உண்டு; ஆனால் அது 1987இல் வேறொரு தொலைக்காட்சிக்காக பேரிங்டன் ஃபெலாங் என்பவர் செய்தது. இரண்டையும் ஒருவர் கணக்கில் எழுதுவது இணையத்தில் அடிக்கடி நடக்கிறது.

தலைப்பை அப்படியே ஒலியாக மாற்றிவிடுவதைப் படைப்பு என்று சொல்ல முடியுமா? அது கெட்டிக்காரத்தனம் அல்லவா? – தஞ்சாவூர் வாசகி, இசை ஆசிரியை

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், அரை நிமிட இசையில் கெட்டிக்காரத்தனத்துக்கும் படைப்புக்கும் நடுவே உள்ள வரப்பு மிகவும் ஒடுங்கியது.

1980இல் தொடங்கிய ‘எஸ் மினிஸ்டர்’ தொடரைப் பாருங்கள். அமைச்சர் ஒருவரும், அவருக்குத் தலையாட்டிக்கொண்டே அவர் நினைத்த எதையும் நடக்கவிடாத துறைச் செயலாளரும்தான் கதை. அதற்கு ஹேசில்ஹர்ஸ்ட் எடுத்துக்கொண்டது, லண்டன் நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தின் மணியோசையை. அங்கே கால் மணிக்கு ஒருமுறை நான்கு சிறிய மணிகள் ஒலிக்கும். இருப்பதே நான்கு சுரங்கள்தான். முதல் கால் மணிக்கு அவை ஒலிப்பதை உங்கள் மாணவர்களுக்கு காந்தாரம், ரிஷபம், ஷட்ஜம், மந்தர பஞ்சமம் என்று பாடிக் காட்டலாம், சங்கராபரணத்தின் சுரத்தானங்கள். அடுத்தடுத்த கால் மணிகளில் அதே நான்கு சுரங்கள் இடம் மாறி வரும். ஊரார் அனைவருக்கும் தெரிந்த அந்த மணியோசையைப் பேண்டு வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மிடுக்கும் சற்றே கேலியும் கலந்த நடையில் அவர் நகர்த்துகிறார். மணி அவருடையது அல்ல. இத்தனை கம்பீரமான மணியைக் கேலிக்கு இழுத்துவர முடியும் என்று தோன்றியது அவருடையது.

இந்த முறை எல்லா இடத்திலும் எனக்கு உவப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ ஒரு பெரிய துணிக்கடையில் நடக்கும் கதை. அதன் தலைப்பிசைக்குக் கல்லாப்பெட்டி திறந்து மூடும் ஓசையே தாளம். அதன்மேல், எந்த மாடியில் என்ன கிடைக்கும் என்று லிஃப்டில் அறிவிக்கும் பெண்குரல் ஒன்று சொல்லிக்கொண்டே போகும். இதில் தொடரின் தயாரிப்பாளர் டேவிட் கிராஃப்டுக்கும் பங்கு உண்டு. முதல் முறை கேட்கும்போது சிரிப்பு வருகிறது. பத்தாவது முறை கல்லாப்பெட்டி மட்டும்தான் காதில் விழுகிறது.

குடையை ஆட்டி இசைக்குழுவை நடத்தினாராமே? – புதுச்சேரி வாசகர்

ஆம், 1977 மே 7 அன்று, லண்டன் வெம்ப்ளி மாநாட்டு அரங்கில், ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில். அந்தக் காலத்தில் அந்தப் போட்டியில் முழு இசைக்குழு மேடையருகே அமர்ந்து நேரடியாக வாசிக்கும். ஒவ்வொரு நாட்டின் பாடலையும் அந்த நாடு அழைத்துவரும் நடத்துநர் வந்து நடத்திவிட்டுப் போவார். அந்த ஆண்டு பிரிட்டனின் பாடல், நாடு அடிமட்டத்துக்குப் போய்விட்டதைப் பற்றிய கிண்டல். லின்சி டி பாலும் மைக் மோரனும் ஆளுக்கொரு பியானோவில் அமர்ந்து பாட, ஹேசில்ஹர்ஸ்ட் லண்டன் அலுவலகக் கனவானைப்போல் உருண்டைத் தொப்பியோடு வந்து, கோலுக்குப் பதிலாகச் சுருட்டிய குடையால் நடத்தினார். பாடலுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அதே இரவில் ஜெர்மனியின் பாடலையும் அவரே நடத்தினார்.

வேடிக்கை அந்த ஓர் இரவோடு சரி. 1974இல் பிரைட்டனிலும், 1977இல் லண்டனிலும், 1982இல் ஹாரோகேட்டிலும் அந்தப் போட்டி முழுமைக்கும் இசைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1988இல் டப்ளினில் அவர் நடத்திய பிரிட்டன் பாடல், கடைசி நாடு வாக்களிக்கும்வரை ஐந்து புள்ளி முன்னணியில் இருந்தது. கடைசியாக வந்த யூகோஸ்லாவியா, சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய செலின் டியோனுக்கு ஆறு புள்ளிகளைக் கொடுத்து, பிரிட்டனுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. 137க்கு 136 என்று முடிந்தது. குடை நினைவிருக்கும் பலருக்கு இந்த ஒரு புள்ளி நினைவில்லை.

அவருடைய மெட்டு எதையாவது வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார்களா? – யாழ்ப்பாண வாசகர்

தள்ளியிருக்கிறார்கள், அதுவும் ஒளிபரப்பான பிறகு. 1981இல் வந்த ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ தொடரின் முதல் பருவத்துக்கு இசை அவருடையதுதான். ‘முட்டாள்களும் குதிரைகளும்தான் உழைத்துச் சாப்பிடுவார்கள்’ என்ற பழமொழியின் பாதியே அந்தத் தலைப்பு. அது பலருக்கு விளங்காது என்று கவலைப்பட்ட கதாசிரியர் ஜான் சல்லிவன், பொருளை விளக்கும் பாட்டு ஒன்றைத் தாமே எழுதி, இரண்டாம் பருவத்திலிருந்து தலைப்பில் வைக்கச் செய்தார், பாடியவரும் அவரே. தன் மெட்டை இடம்பெயர்த்த அந்தப் பாட்டுக்கு வாத்தியக் கோப்பு செய்து, பதிவை நடத்திக் கொடுத்தவர் ஹேசில்ஹர்ஸ்ட். மாதச் சம்பள உத்தியோகம் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதன் மறுபக்கம் இது. மறு ஒளிபரப்பின்போது முதல் பருவத்துக்கும் புதிய பாட்டையே ஒட்டிவிட்டார்கள்.

அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்புகளில் தவறு இருந்தது என்று படித்தேன். என்ன தவறு? – சென்னை வாசகி

2007 அக்டோபர் 1 அன்று, தாம் குடியேறியிருந்த குவர்ன்சி தீவில், பக்கவாதத்துக்குப் பின் தமது 79ஆம் வயதில் அவர் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்பு விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய பக்கத்தில் யாரோ ஒரு வாக்கியத்தைச் சொருகியிருந்தார்கள். எஸ் கிளப் 7 என்ற இளைஞர் குழு 2000ஆம் ஆண்டில் பாடிப் புகழ்பெற்ற ‘ரீச்’ என்ற பாடலை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்பது அந்த வாக்கியம். பெயர்பெற்ற நாளிதழ்கள் பலவும் அதை எடுத்து அப்படியே தங்கள் இரங்கல் குறிப்பில் அச்சிட்டுவிட்டன. அந்தப் பாடல் கேத்தி டென்னிஸ், ஆண்ட்ரூ டாட் ஆகிய இருவருடையது. பின்னர் திருத்தம் வெளியிட்டவர்களும் உண்டு.

இதழாளன் என்ற முறையில் எனக்கு இதில் உறுத்துவது, அந்த வாக்கியம் சற்றும் நம்பத்தகாததாக இருந்தும் யாருக்கும் சந்தேகம் எழவில்லை என்பதுதான். எழுபது வயதைக் கடந்த பேண்டுக்காரர் பதின்பருவத்தினருக்கான துள்ளல் பாட்டை எழுதினார் என்றால், அது உண்மையாக இருந்திருந்தால் ஏழு ஆண்டுகளாக எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அவருடைய உண்மையான வேலை அரை நிமிடத் துணுக்குகளாகச் சிதறிக் கிடந்ததால், கையில் அகப்பட்ட முழுப்பாட்டு ஒன்று இரங்கல் எழுதியவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

அவருடைய இசையில் ஒன்றை மட்டும் கேட்க வேண்டுமென்றால் எதைக் கேட்பது? – மதுரை வாசகர்

‘லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்’. யார்க்ஷயரின் ஹோம்ஃபர்த் என்ற மலையோரச் சிற்றூரில், வேலை வெட்டி இல்லாத மூன்று பெரியவர்கள் சுற்றித் திரிந்து குறும்பு செய்யும் தொடர். இதில் தந்தியும் இல்லை, மணியும் இல்லை, கல்லாவும் இல்லை. ஹாரி பிட்ச் வாசிக்கும் மவுத் ஆர்கனில் மெதுவாக அசைந்து இறங்கும் ஒரு வால்ட்ஸ், அதாவது மும்மூன்று தட்டாக நடக்கும் ஐரோப்பிய நடன மெட்டு, அவ்வளவுதான். நகைச்சுவைத் தொடருக்கு இவ்வளவு சாந்தமான இசையா என்று பிபிசியில் முதலில் தயங்கினார்கள். சிரிப்புக்கு முன் கொட்டு முழக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன எண்ணம்; அவரோ அந்த மலைச்சரிவின் பிற்பகலுக்கு மெட்டுப் போட்டுவிட்டு, சிரிப்பைப் பெரியவர்களிடமே விட்டுவிட்டார். 1973 ஜனவரியில் தொடங்கிய தொடர் 295 பகுதிகள் ஓடி, 2010 ஆகஸ்டில் முடிந்தது. ஹேசில்ஹர்ஸ்ட் மறைந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தும், கடைசிப் பகுதிவரை தலைப்பில் அதே மெட்டுதான் ஒலித்தது.