பச்சையப்பர் பள்ளிக்கூடம் கட்டினாரா?

ஐயா, வணக்கம்.

நான் காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் படித்தவன். இப்போது என் பேரனும் அங்கேதான் படிக்கிறான். பேச்சுப் போட்டிக்காக அவனுக்கு ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். "ஏழைப் பிள்ளைகள் படிப்பதற்காகத் தன் சொத்தை எழுதி வைத்த வள்ளல்" என்றுதான் அது ஆரம்பிக்கும். அவன் படித்துவிட்டு, "தாத்தா, அவர் 1794இல் செத்துட்டார்னு எழுதியிருக்கீங்க. பள்ளிக்கூடம் 1842னு எழுதியிருக்கீங்க. நடுவில 48 வருஷம் பணம் எங்க இருந்துச்சு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. கூடவே எனக்கும் ஒரு சந்தேகம். துபாஷியாக, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு இடைத்தரகராக, வேலை பார்த்தும் வரி வசூலித்தும் சேர்ந்த பணம்தானே அது? வள்ளல் என்று கொண்டாடலாமா?

ஒரு பழைய மாணவன், காஞ்சிபுரம்

அன்புள்ள ஐயா,

போட்டி முடிவு எப்படியிருந்தாலும் என் பரிசு உங்கள் பேரனுக்குத்தான். நூறு மேடைப் பேச்சுகளில் யாரும் கேட்காத கேள்வி அது.

பணம் வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கும் முன்னால் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் உரையின் முதல் வரியையே மாற்ற வேண்டும். பச்சையப்ப முதலியார் பள்ளிக்கூடத்துக்காக எதையும் எழுதி வைக்கவில்லை.

1794 மார்ச் மாதம், சாவதற்குச் சில நாள் முன்பு அவர் எழுதிய உயில் கோயில்களுக்கானது. காசி முதல் கன்னியாகுமரி வரை சிவன் கோயில்களிலும் பெருமாள் கோயில்களிலும் பூஜை, உற்சவம், அன்னதானம், ஏழைகளுக்கு உதவி, வடமொழி படித்த பண்டிதர்களுக்கு ஆதரவு. இதற்கெல்லாம் ஒரு லட்சம் வராகன் என்ற தங்கக் காசு. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தால் மூன்றரை லட்சம் ரூபாய். அன்றைக்கு அது எப்பேர்ப்பட்ட தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அவருக்கு வயது 40தான்.

உயில் எழுதியவர் போய்விட்டார். அப்புறம் நடந்தது நம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். சொத்து பல கைகளில் சிக்கியது, உரிமை கேட்டுப் பலர் வந்தார்கள், தர்மம் நின்றது, வழக்கு நடந்தது. சென்னையில் சுப்ரீம் கோர்ட் என்று ஒன்று வந்ததே 1801இல்தான். வழக்கு இழுத்துக்கொண்டே போக, மீட்டு முதலீடு செய்த பணமோ ஒரு பக்கம் வட்டி போட்டு வளர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் உயிலில் சொன்ன கோயில் தர்மங்களுக்கெல்லாம் ஒதுக்கிய பிறகும் பெரிய தொகை மிஞ்சியது.

பள்ளிக்கூடம் பிறந்தது அந்த மிச்சத்தில்தான். தர்மத்துக்கு என்று எழுதிய பணத்தில் மீந்ததை வாரிசுகள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, வேறொரு தர்மத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வேறொரு தர்மம் கல்வியாக இருக்கட்டும் என்று முனைந்து நின்றவர் அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். நிர்வாகம் இந்து தர்மகர்த்தாக்கள் கைக்கு வந்தது. 1842 ஜனவரி 1ஆம் தேதி, கறுப்பர் நகரத்தில் (இன்றைய ஜார்ஜ் டவுன்) பாபம்ஸ் பிராட்வேயில் பள்ளி திறந்தது. ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் அடிப்படைப் பாடங்களும், கூடவே தமிழும் தெலுங்கும் என்பது திட்டம். ஆக, உங்கள் உரையில் வரும் 'ஏழைப் பிள்ளைகள்' 1842இன் சொல். 1794இன் உயிலில் அதைத் தேட வேண்டாம்.

ஏன் கல்வி, ஏன் அந்த நேரத்தில்? 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு கிறித்துவக் கல்லூரியானது. 1841இல் அரசு உயர்நிலைப் பள்ளி வந்தது. ஆங்கிலம் படித்தால் வேலை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்ற பயம். மிஷனும் இல்லாமல் சர்க்காரும் இல்லாமல் நம் பணத்தில் ஒரு பள்ளி வேண்டும் என்ற தவிப்புக்கு, உயிலின் மிச்சம் கை கொடுத்தது. தென்னிந்தியாவில் அப்படி அமைந்த முதல் பள்ளி இது என்பார்கள்.

1846இல் சைனா பஜாரில் (இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலை) புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியதும் நார்ட்டன்தான். 1850இல் கவர்னர் பாட்டிஞ்சர் திறந்து வைத்தார். ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கக் கோயில் ஒன்றைப் பார்த்து வடிவமைத்தது. சிவனுக்கும் பெருமாளுக்கும் பணம் எழுதி வைத்தவர் பெயரில் கிரேக்கக் கோயில்! இன்றைக்கும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடைகளுக்குப் பின்னால் அந்தத் தூண்கள் நிற்கின்றன. நடைபாதைக் கூட்டத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குப் போய்விட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அது இந்துக்களுக்கான தர்மம் என்று கல்லூரியில் 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தார்கள். பச்சையப்பன் கல்லூரி என்றதும் கணித மேதை இராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். அவர் அங்கே எஃப்.ஏ. பரீட்சையில் (பி.ஏ.வுக்கு முந்தைய பரீட்சை) தோற்றவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. அண்ணா படித்தது உங்கள் காஞ்சிபுரம் பள்ளியில், பிறகு சென்னைக் கல்லூரியில். கோயிலுக்கு எழுதிய பணத்தின் மிச்சத்தில் பகுத்தறிவு இயக்கத்தின் பெரிய பேச்சாளர் படித்து வந்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பச்சையப்பர் என்ன சொல்லியிருப்பாரோ.

இனி உங்கள் சந்தேகம். பச்சையப்பர் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். பிறந்தது பெரியபாளையத்தில். கையில் ஒன்றுமில்லாமல் சென்னைக்கு வந்த அம்மாவுக்கு நாராயண பிள்ளை என்ற துபாஷி ஆதரவு கொடுத்தார். பையன் அவரிடமே தொழில் கற்றான். இரண்டு பாஷை தெரிந்தவன் துபாஷி என்று சொன்னாலும், வெறும் மொழிபெயர்ப்பு வேலையா அது? வெள்ளைக்காரனுக்குச் சரக்கு, கடன், ஆள், தகவல் எல்லாம் அவன் வழியாகத்தான். பிறகு பச்சையப்பர் தஞ்சாவூர்ப் பக்கம் போய், அரசருக்கும் கும்பினிக்கும் (கிழக்கிந்தியக் கம்பெனி) நடுவே பணம் புரட்டிப் பெரும் பணக்காரரானார். அரசர் கும்பினிக்குக் கட்டிய ஒவ்வொரு காசும் கடைசியில் காவிரிக் கரை வயலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஹைதர் அலி படையெடுப்பில் நொறுங்கிப்போயிருந்த வயல்கள் அவை. இதை நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை.

என்னைக் கேட்டால் 'கல்வி வள்ளல்' என்ற பட்டத்தை அவருக்குக் கொடுக்க மாட்டேன். அது அவர் கேட்காத பட்டம். கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்தபோது தினமும் கூவத்தில் குளித்துவிட்டு வேலையைத் தொடங்கிய பக்திமான், தனக்குத் தெரிந்த தர்மத்தைச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். (ஆமாம், கூவத்தில்தான். அப்போது குளிக்கலாம்.) வள்ளல் என்று மட்டும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பள்ளிக்கூடத்துக்கான நன்றியை நார்ட்டனுக்கும், பணத்தைக் காத்து நடத்திய தர்மகர்த்தாக்களுக்கும் பங்கு வையுங்கள்.

பேரனைச் சிதம்பரம் அழைத்துப் போக வாய்ப்பிருந்தால் கிழக்குக் கோபுரத்தில் நின்று தேடச் சொல்லுங்கள். பச்சையப்பரும் மனைவியும் அங்கே சிற்பமாக இருக்கிறார்கள். உரையின் புது முதல் வரியை அவனே அங்கே எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்.